சேற்றில் உலகைக் கண்ட செர்கே வினோகிராட்ஸ்கி. யார் இவர்?

குளத்துச் சேறு என்றாலே மூக்கைப் பிடிச்சுக்குவோம். ஆனா அதுக்குள்ள ஒரு பெரிய நுண்ணுயிர்ச் சமூகமே வாழுது. தண்ணீர் மாறினால் அந்தச் சமூகமும் மாறும். அதைப் புரியவைத்தவர்களில் முக்கியமானவர் செர்கே வினோகிராட்ஸ்கி.

பியானோவிலிருந்து நுண்ணோக்கிக்கு

1856இல் கியவ் நகரில் பிறந்தார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பியானோ கத்துக்கிட்டார். பிறகு அறிவியல் பக்கம் திரும்பினார்.

அப்போது கிருமி என்றாலே நோய்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஒரே வகைக் கிருமியைப் பிரித்தெடுத்து, தனியாக வளர்த்து ஆராய்வார்கள். வினோகிராட்ஸ்கிக்கு அது போதவில்லை. அவை வாழும் இடத்தையும் சேர்த்துப் பார்க்க நினைத்தார்.

கந்தகத்தில் கிடைத்த விடை

1880களில் கந்தக ஊற்றுகளில் வாழும் பெகியடோவா என்ற பாக்டீரியாவை ஆராய்ந்தார். அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடு தண்ணீரில் இருந்தால், அதன் உடலில் கந்தகத் துகள்கள் சேர்ந்தன. இல்லாவிட்டால் துகள்கள் கரைந்தன. அதுதான் அதற்குச் சக்தி தரும் எரிபொருள்!

ரசாயனத்திலிருந்தே சக்தி பெறும் உயிர்கள் உண்டு என்பது அப்போது புதுச் செய்தி. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களையும் அவர் 1890 வாக்கில் கண்டறிந்தார்.

ஒரு கண்ணாடிக் குழாய் போதும்

சேறு, தண்ணீர், கொஞ்சம் காகிதம், முட்டையின் மஞ்சள் கரு. இவற்றைக் கண்ணாடிக் குழாயில் போட்டு வெளிச்சத்தில் வைத்தால், சில வாரங்களில் நிற நிறமாக அடுக்குகள் தெரியும்.

ஆக்ஸிஜன் உள்ள மேல்பகுதியில் பச்சை. அதற்குக் கீழே ஊதா. ஆக்ஸிஜன் இல்லாத அடியில் கறுப்பு. ஒவ்வொரு கூட்டமும் தனக்கு ஏற்ற இடத்தில்தான் பெருகும். வெளிச்சத்தை மறைச்சா அடுக்குகளும் மாறிடும். இன்றும் பள்ளிகளில் செய்யப்படும் இந்தச் சோதனைக்கு அவர் பெயர்தான்: வினோகிராட்ஸ்கி குழாய்.

மீண்டும் ஒரு தொடக்கம்

ரஷ்யப் புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறினார். 1922இல் பிரான்ஸின் பாஸ்டர் கழகம் அழைத்தது. 60 வயதைத் தாண்டியவர், மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை ஆராயத் தொடங்கினார். 1953இல், 96ஆவது வயதில் காலமானார்.

இப்போது ஏன் முக்கியம்?

உரமும் கழிவும் கலந்தால் ஏரியில் ஆக்ஸிஜன் குறையும். மீன்கள் செத்து மிதப்பதுதான் நம் கண்ணுக்குத் தெரியும். ஆனா அதற்கு முன்னாலேயே நுண்ணுயிர்க் கூட்டம் மாறத் தொடங்கிடும். அங்கேயும் பார்க்கணும் என்பதே வினோகிராட்ஸ்கி விட்டுச்சென்ற பாடம்.