விண்மீன் மனை கண்ட வேந்தர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல்

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னர்ப் பத்மநாபபுரத்துச் சரசுவதி அம்மனும், வேளிமலைக் குமரனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் புறப்பட்டுச் செல்வதை நம் மாவட்டத்தார் அனைவரும் அறிவர். அங்கே நவராத்திரி மண்டபத்தில் ஒலிப்பவை சுவாதித் திருநாள் மகாராஜாவின் கீர்த்தனைகள். இசையுலகம் அவரை அதனால் போற்றுகிறது. இயற்பியல் பயிலும் மாணவனாகிய நான் அவரை வேறொரு காரணம் பற்றியும் நினைக்கிறேன். விண்மீன்களைப் பார்ப்பதற்கென்றே குன்றின்மேல் ஒரு மனை எழுப்பி, உலகின் சிறந்த கருவிகளை வரவழைத்து, அதனைப் பணிசெய்ய வைத்த மன்னர் அவர். நம் இரணியலும் கல்குளமும் அன்று அவர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. எனவே அந்த மனையின் கதையில் நமக்கும் பங்கு உண்டு.

இளமை

சுவாதித் திருநாள் 1813ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பிறந்தார். அன்னை இராணி கௌரி லட்சுமி பாயி. தந்தை சங்ஙனாச்சேரி அரண்மனையைச் சேர்ந்த இராஜராஜ வர்மா. தொட்டிலில் கிடந்த காலத்திலேயே அரசுரிமை பெற்ற குழந்தை அது. ஆயினும் தாயின் மடி நீண்ட நாள் வாய்க்கவில்லை. 1815இல் அன்னை மறைந்தார். சிற்றன்னை கௌரி பார்வதி பாயி நாட்டையும் குழந்தையையும் ஒருங்கே பேணினார். 1829இல் பதினாறு வயதில் சுவாதித் திருநாள் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார்.

அவருக்கு ஆங்கிலம் கற்பித்தவர் தஞ்சையிலிருந்து வந்த சுப்பாராவ். பிற்காலத்தில் அவரே திவானாகவும் விளங்கினார். சமஸ்கிருதம், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி எனப் பல மொழிகளில் பாடல் புனையும் ஆற்றல் மன்னருக்கு இருந்தது. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அவருடைய அவையை அணிசெய்தார்.

இசையைப் போலவே கணிதமும் சோதிடக் கணக்கும் அவரைக் கவர்ந்தன. இதில் வியப்பில்லை. மலையாள நாட்டில் வானக் கணக்குக்கு நெடிய மரபு உண்டு. 14ஆம் நூற்றாண்டின் மாதவர், முடிவிலாத் தொடர்களைக் கண்டவர். அவர் வழிவந்த பரமேசுவரர் அரை நூற்றாண்டுக்கு மேல் கிரகணங்களைத் தம் கண்ணால் பார்த்துக் குறித்து, 1431இல் கணக்கைத் திருத்தி அமைத்தார். கணக்கு சொல்வதும் கண் காண்பதும் ஒத்துப்போக வேண்டும் என்பதே அம்மரபின் உயிர். சுவாதித் திருநாளும் நம் நாட்டுக் கணக்கையும் ஐரோப்பியக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் ஆர்வம் கொண்டிருந்தார்.

ஆலப்புழையிலிருந்து வந்த அழைப்பு

அந்நாளில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக ஆலப்புழையில் பணியாற்றியவர் ஜான் கால்டிகாட் என்னும் ஆங்கிலேயர். பகலில் அரசின் சரக்குக் கணக்கைப் பார்ப்பவர், இரவில் தம் சொந்தக் கருவிகளைக் கொண்டு வானத்தைப் பார்த்துவந்தார். அவருடைய முயற்சியை அன்றைய ரெசிடெண்ட் பிரேசர் மன்னரின் செவிக்குக் கொண்டுசென்றார். மன்னர் அவரை அழைத்துப் பேசினார். திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வுக்கூடம் அமைத்தல் வேண்டும் என்ற எண்ணம் அவ்வாறு உருப்பெற்றது. கால்டிகாட் அரசு வானியலாளராக நியமிக்கப்பட்டார்.

அன்று மன்னருக்கு வயது இருபத்து மூன்று. என்னைவிட மூன்று வயது மூத்தவர்!

குன்றும் கட்டடமும்

ஆய்வுக்கூடம் என்றதும் தொலைநோக்கியைத்தான் நாம் எண்ணுகிறோம். அதற்கு முன் வேண்டியது இடம். நாற்புறமும் அடிவானம் தெரிய வேண்டும். நகரத்தின் புகையும் வண்டிகளின் அதிர்வும் எட்டக்கூடாது. நகரின் வடபால் உள்ள குன்று ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த ஹார்ஸ்லி கட்டடத்துக்கு வரைபடம் அளித்தார். 1836இல் தொடங்கிய வேலை 1837இல் முடிந்து, அவ்வாண்டே நோக்குப்பணி தொடங்கியது. ஊரார் அதற்கு இட்ட பெயர் நட்சத்திர பங்களா.

இத்தகைய கட்டடம் குடியிருப்பு வீட்டைப் போன்றதன்று. கருவி தாங்கும் கல்தூண்களுக்குத் தனி அடித்தளம் இட வேண்டும். அது தரையைத் தொடக்கூடாது. தொட்டால், நடப்பவர் காலடி அதிர்வே விண்மீனை ஆட்டிவிடும். கூரையில் வடக்கு தெற்காக ஒரு நீண்ட திறப்பு வேண்டும். அதைத் திறந்து மூடும் கதவு மழைக்காலத்தில் ஒரு துளி நீரையும் உள்ளே விடக்கூடாது. இடவப்பாதி மழையையும் துலாமழையையும் அறிந்த நமக்கு இதன் அருமை புரியும்.

கருவிகள்

முதலில் கையில் இருந்த கருவிகளைக் கொண்டே வேலை நடந்தது. நிலையான பெருங்கருவிகளை வாங்குவதற்காக 1838ஆம் ஆண்டின் இறுதியில் மன்னர் கால்டிகாட்டை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அங்கிருந்தபோது, 1840இல், இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிப் பெருமை செய்தது. கருவிகளுடன் அவர் 1841இல் திரும்பினார். சூயஸ் கால்வாய் இல்லாத காலம் அது. நுண்கருவி நிறைந்த பெட்டிகள் கடல் கடந்து வந்தன.

அவற்றுள் முதன்மையானது டிரான்சிட் கருவி. இரு கல்தூண்களின் மீது கிழக்கு மேற்காகக் கிடக்கும் அச்சில் பொருத்திய தொலைநோக்கி இது. வடக்கு தெற்காக மேலும் கீழும் மட்டுமே திரும்பும். ஒரு விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும் நொடியைக் கடிகாரத்தில் குறித்தால், அதன் இருப்பிடத்தில் பாதி தெரிந்துவிடும். மறுபாதியைத் தருவது சுவர்வட்டம். சுவரில் பதித்த பெரிய வட்டத்தில் கோணக்கோடுகள் பொறிக்கப்பட்டிருக்கும்; விண்மீன் எவ்வளவு உயரத்தில் கடந்தது என்பதை அதில் படிப்பர். திருவனந்தபுரத்துக்கு இரண்டு சுவர்வட்டங்கள் வந்தன. ஒன்று போதாதா என்று கேட்கலாம். கிரீனிச்சிலும் இரண்டு இருந்தன. ஒன்றால் விண்மீனை நேரே பார்ப்பர்; மற்றொன்றால் பாதரசத் தட்டில் தெரியும் அதன் நிழலுருவைப் பார்ப்பர். இரண்டு கோணங்களின் நடுவே கிடைமட்டம் தானே வந்து நிற்கும். நம் ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டரின் இரு வெர்னியர்களையும் படித்துச் சராசரி எடுக்கும்போது, ஏன் ஒன்று போதாது என்று சலித்துக்கொள்கிறோமே, அந்தச் சலிப்புக்கும் இதுவே விடை.

மூன்றாவது, ஈக்குவடோரியல் தொலைநோக்கி. இதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருந்தாக வேண்டும். இலண்டனில் அந்த அச்சு ஐம்பது பாகைக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். திருவனந்தபுரமோ நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரைப் பாகைதான் வடக்கே. எனவே அங்கு அச்சு ஏறத்தாழப் படுத்தே கிடக்கும். ஓர் ஊருக்குச் செய்த தாங்கி மற்றோர் ஊருக்குப் பொருந்தாது. ஆனால் இதே இருப்பிடம் ஒரு பெரும் நன்மையும் செய்தது. வடமீனையும் தென்சிலுவையையும் ஒருசேரக் காணும் பேறு ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களுக்கு இல்லை.

உயரத்தையும் திசையையும் சேர்ந்தளக்கும் கருவி, வெப்பமானிகள், பாரமானிகள், காந்தக் கருவிகள் ஆகியவையும் வந்து சேர்ந்தன.

காந்த ஊசியும் உலக நாடுகளும்

காந்தக் கருவிகளின் வரவுக்குத் தனிக் காரணம் உண்டு. திருவனந்தபுரம் பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டியுள்ளது. அங்கு காந்த ஊசி ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். அக்காலத்தில் ஜெர்மனியின் காஸ் முதலிய அறிஞர்கள், உலகின் பல இடங்களில் ஒரே நேரத்தில் காந்த ஊசியின் அசைவைக் குறிக்கும் முயற்சியில் இறங்கியிருந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை, பம்பாய், சிம்லா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் இதற்கு ஏற்பாடு செய்தது. அந்த வரிசையில் தம் சொந்தக் கருவூலத்தைக் கொண்டு இடம்பெற்றார் நம் மன்னர்.

முன்னரே கால்டிகாட்டும், சென்னை வானாய்வுக்கூடத்தின் டெய்லரும் தென்னிந்தியாவில் பயணம் செய்து காந்தவிசையை அளந்திருந்தனர். 1843இல் தோன்றிய பெரிய வால்மீனைக் கால்டிகாட் திருவனந்தபுரத்திலிருந்து நோக்கினார். அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் நாள் நிகழ்ந்த சூரிய கிரகணத்தைக் காண மலபாருக்கே சென்றார். 1842 முதல் 1845 வரை மண்ணுக்குள் வெப்பமானிகளைப் புதைத்து அவர் எடுத்த அளவுகள் எடின்பரோவில் வெளியாயின.

தளர்ச்சியும் மறைவும்

மன்னரின் இறுதி ஆண்டுகள் இன்பமானவை அல்ல. 1840இல் ரெசிடெண்டாக வந்த கல்லன், ஆட்சியில் மிகுதியாகத் தலையிட்டார். கல்லனும் அறிவியல் அளவீடுகளில் ஆர்வம் உடையவர் என்பது விந்தை. இருவரையும் இணைத்திருக்க வேண்டிய அறிவு, அதிகாரத்தின் முன் தோற்றுப்போயிற்று. மனம் நொந்த மன்னர் 1846 டிசம்பரில், முப்பத்து மூன்றே வயதில் மறைந்தார். 1849 டிசம்பரில் கால்டிகாட்டும் திருவனந்தபுரத்திலேயே உயிர் நீத்தார்.

ஆயினும் விளக்கு அணையவில்லை. 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரவுன், 1855இல் பொதிகையின் அகத்தியர் கொடுமுடியில், ஆறாயிரம் அடிக்கு மேல், மற்றோர் ஆய்வுக்கூடம் அமைத்தார். காந்தவிசையின் நாள்மாற்றங்கள் உலகெங்கும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன என்றும், அவற்றில் ஞாயிற்றின் சுழற்சியை ஒட்டிய ஏறத்தாழ 26 நாள் முறை உண்டு என்றும் அவர் கண்டறிந்தார். இதற்கு ஆதாரம் இரவும் பகலும் மணிதோறும் குறித்த ஏடுகள். குளிரிலும் காட்டு விலங்குகளின் அச்சத்திலும் அவற்றைக் குறித்தவர்களுள் நம் நாட்டு உதவியாளர்களும் இருந்தனர். 1865இல் ஆய்வுக்கூடத்தின் செலவு சுருக்கப்பட்டது. பிரவுன் நாடு திரும்பினார். அவர் தொகுத்த நூலின் முதல் தொகுதி 1874இல்தான் இலண்டனில் அச்சேறியது. அளந்தவர்களில் பலர் அதைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

ஒரு கேள்வி

இவ்வளவையும் எழுதும்போது என் உள்ளத்தில் ஒரு கேள்வி எழாமல் இல்லை. நாகர்கோவிலில் ஆங்கிலம் கற்பித்துவந்த ராபர்ட்ஸை வரவழைத்து 1834இல் தலைநகரில் பள்ளி தொடங்கச் செய்தவரும் இம்மன்னரே. அப்பள்ளியே 1866இல் மகாராஜா கல்லூரியாகி, இன்று பல்கலைக்கழகக் கல்லூரியாக விளங்குகிறது. 1836இல் நாட்டின் மக்கள்தொகையையும் அவர் எண்ணச் செய்தார். ஏறத்தாழ 12,80,000 பேர். அந்தப் பன்னிரண்டு இலட்சத்தில் எத்தனை பேர் அப்பள்ளியின் படியேற முடிந்தது?

அவர் பதவியேற்ற அதே 1829இல்தான், நம் பகுதி எளிய பெண்களின் தோள்சீலை உரிமையை மறுத்து அரசாணை பிறந்தது. அது திருத்தப்பட 1859 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடிமைமுறை 1855 வரை நீடித்தது. கோவிற்கதவு எல்லோர்க்கும் திறக்க 1936 ஆயிற்று. எட்டாத தொலைவிலுள்ள விண்மீனை அளக்க முடிந்த அரசுக்கு, எட்டும் தொலைவில் நின்ற குடிமகனின் துயரை அளக்க முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். ஆகவே இதைச் சொல்லாமல் மன்னரை நான் புகழ்ந்தால், அப்புகழுரை நிறைவுபெறாது. அவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர் ஏற்றிய விளக்கின் ஒளி நம் தெருவுக்கு வந்துசேர நூறாண்டுக்கு மேல் பிடித்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும் என்பதே என் எண்ணம்.

முடிவுரை

அந்தக் குன்று இன்றும் அப்சர்வேட்டரி ஹில் என்றே வழங்குகிறது. ஆய்வுக்கூடம் இன்று கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. மன்னரின் மனை மாணவரின் மனையாகிவிட்டது. இதைவிடச் சிறந்த நினைவுச்சின்னம் அவருக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு கல்வி நிலையத்தில் வானாய்வுக்கூடம் அமைக்க விரும்புவோர்க்கு இவ்வரலாறு ஒரு முறையைக் கற்பிக்கிறது. முதலில் வானில் ஆர்வமுள்ள ஓர் ஆள், அடுத்து இடம், அடுத்து அசையாத அடித்தளம், அதன் பின்னரே கருவி, கருவி வந்தபின் நாள்தவறாத குறிப்பேடு, இறுதியில் அச்சு. நாமோ பல இடங்களில் கருவியை முதலில் வாங்கி அலமாரியில் பூட்டிவிடுகிறோம்.

பெரும் பொருள் இல்லாவிடினும் தொடக்கம் செய்யலாம். திறந்த வெளியில் ஒரு செங்குத்தான கம்பை நட்டு, நண்பகல் நிழலை நாள்தோறும் அளந்து ஏட்டில் எழுதுவோம். நம் இரணியலில் ஏப்ரல் 11ஆம் நாளை ஒட்டியும் செப்டம்பர் முதல் நாளை ஒட்டியும் அந்நிழல் கம்பின் அடியிலேயே மறைந்துபோகும். அதைக் கண்ணால் கண்டு, தன் ஊரின் அட்சரேகையைத் தானே கணக்கிட்டு அறியும் மாணவன், சுவாதித் திருநாள் கண்ட மனையின் முதற்படியில் காலெடுத்து வைத்தவனாவான். அந்தப் படி இன்று எல்லோர்க்கும் திறந்திருக்கிறது. ஏறுவோம், வாரீர்!