காவிரிக்கரை ஏற்றுக்கொண்ட கலைஞர்: நாதஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானா

டெல்டா மாவட்டங்களில் இசை என்றால் நம் சமுதாய மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் நாகூர் ஹனீஃபா. ஏறக்குறைய அதே வயதுடைய இன்னொரு முஸ்லிம் கலைஞரும் இதே காவிரிக்கரையில் வாழ்ந்தார். அவர் பாடகர் அல்ல, நாதஸ்வர வித்வான். பெயர் ஷேக் சின்ன மௌலானா. இன்று நம் இளைஞர்களில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

1924-ல் ஆந்திராவில் ஓங்கோலுக்கு அருகில் உள்ள கரவதி கிராமத்தில் அவர் பிறந்தார். அந்தப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் வாசிக்கும் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. கோயில் விழாவோ திருமணமோ, அவர்களுடைய வாசிப்பு இல்லாமல் நடக்காது. மௌலானாவின் குடும்பமும் அத்தகையதே. தந்தை காசிம் சாஹிபிடம் முதல் பாடம். பிறகு சிலகலூரிப்பேட்டை ஆதம் சாஹிபிடம் பயிற்சி. சொந்த ஊரிலேயே பெயரும் வருமானமும் கிடைத்திருக்கும். ஆனால் அவர் மனம் தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பியது.

காரணம், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு. உயர்ந்த சுருதியில் ஒலித்த குட்டையான திமிரி நாதஸ்வரத்துக்குப் பதிலாக, நீளமான பாரி நாதஸ்வரத்தைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தியவர் அவர். ஒரே ராகத்தை அவசரமில்லாமல், மணிக்கணக்கில் விரித்து வாசிப்பது தஞ்சைப் பாணியின் சிறப்பு. இரவு முழுக்க நடக்கும் சுவாமி புறப்பாட்டில் வளர்ந்த வாசிப்பு அது. நாதஸ்வரத்தில் மேலே விரல் வைக்க ஏழு துளைகள்தான். நுட்பமான ஸ்வரங்களை மூச்சாலும், சீவாளியில் உதடு கொடுக்கும் அழுத்தத்தாலும்தான் கொண்டுவர வேண்டும். கேட்டு மட்டும் கற்றுவிட முடியாது, குருவின் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும்.

அந்தப் பாணியைக் கற்க அவர் கும்பகோணம் அருகே உள்ள நாச்சியார்கோவிலுக்கு வந்தார். ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் சீடராகச் சேர்ந்தார். இந்த இடத்தில் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். வந்தவர் வேற்று மொழிக்காரர், வேற்று மதத்தவர். சகோதரர்களோ கோயிலைச் சார்ந்து வாழ்ந்த மரபினர். பரம்பரைச் சொத்தாகக் காத்த வித்தையை அவருக்குச் சொல்லிக்கொடுக்க அவர்கள் தயங்கவில்லை. மௌலானாவும் தன் பெயரையோ அடையாளத்தையோ மறைக்கவில்லை. ஷேக் சின்ன மௌலானா என்ற பெயரோடுதான் மேடை ஏறினார். கோயில்களிலும் அதே பெயரோடுதான் வாசித்தார்.

பின்னர் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். தஞ்சைப் பாணியைத் தேடி வந்தவர், அந்தப் பாணியின் முன்னணிக் கலைஞர்களில் ஒருவராகவே ஆகிவிட்டார். சங்கீத நாடக அகாடமி விருதும் 1977-ல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 1998-ல் சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருது வழங்கியது. வெளிநாட்டு மேடைகளிலும் வாசித்தார். காசியில் ஷெனாய் வாசித்த பிஸ்மில்லா கானை நாடே அறியும். அவருக்கு இணையாக நாம் சொல்லக்கூடிய தமிழகத்துப் பெயர் இது.

கற்றதை அவர் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. ஸ்ரீரங்கத்தில் சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமத்தை நிறுவிப் பலருக்குப் பயிற்சி கொடுத்தார். பேரர்கள் காசிம், பாபு இருவரும் அவருடைய வழியில் வந்தவர்கள். 2020-ல் பத்மஸ்ரீ பெற்ற ஷேக் மஹபூப் சுபானி, காலீஷாபி தம்பதியரும் அவருடைய சீடர்களே. ஆண்களே பெரும்பாலும் வாசித்துவந்த கருவியில் ஒரு முஸ்லிம் பெண் அந்த உயரத்தைத் தொட்டது சிறிய செய்தி அல்ல. 1999 ஏப்ரலில் மௌலானா காலமானார்.

இசையைப் பற்றி நம் சமுதாயத்தில் மாறுபட்ட கருத்துகள் உண்டு. அதை இங்கே விவாதிக்க வரவில்லை. யார் யாருடைய தெருவில் நடக்கலாம், யார் கடையில் வாங்கலாம் என்று மதத்தைப் பார்த்துக் கேட்கும் குரல்கள் உயரும்போது, இந்த மண்ணின் வழக்கம் அதுவல்ல என்று சொல்ல நம்மிடம் சான்று வேண்டும். நாகூர் தர்காவின் மிக உயரமான மனாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். ஆந்திராவிலிருந்து வந்த முஸ்லிமுக்குத் தம் வித்தையைக் கொடுத்தவர்கள் நாச்சியார்கோவில் சகோதரர்கள்.

இன்று பல கோயில்களில் பூஜை நேரத்தில் மின்சார மேளம்தான் ஒலிக்கிறது. திருமண வீடுகளில் செண்டை மேளம் வந்துவிட்டது. நாதஸ்வரக் குடும்பங்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். மௌலானாவைப் போல இன்னொருவர் ஊர் விட்டு ஊர் வந்து கற்க வேண்டுமென்றால், கற்றுக்கொடுக்க ஒரு குரு இருக்க வேண்டும், வாசிக்க ஒரு வாசல் இருக்க வேண்டும். அடுத்த முறை நம் ஊர்த் திருமணத்தில் நாதஸ்வரம் கேட்டால், இரண்டு நிமிடம் நின்று கேட்போம். நம் பிள்ளைகளுக்கு இவருடைய பெயரையும் சொல்வோம்.