1858-லேயே புதுக்கோட்டையைப் படம் பிடித்த ராணுவ கேப்டன்: யார் இந்த லின்னேயஸ் ட்ரைப்?

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு திருமயம் கோட்டை புதுசு இல்லை. கறம்பக்குடியிலிருந்து புதுக்கோட்டை வழியா காலையில் கிளம்பினால், கோட்டையில் ஏறி நாலு செல்ஃபி எடுத்துக்கொண்டு சாயங்காலத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். ஆனால் இந்த மண்ணை முதன்முதலில் கேமராவில் பிடித்தவர்களில் ஒருவருக்கு அதற்கு மாதக்கணக்கில் மாட்டு வண்டிப் பயணம் தேவைப்பட்டது. அவர்தான் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். அவர் எடுத்த புதுக்கோட்டைப் படங்கள் 1858-ல் தனித் தொகுப்பாகவே வெளிவந்தன.

யார் இவர்?

இங்கிலாந்தின் டெவன் பகுதியில், இன்று டெவன்போர்ட் என அழைக்கப்படும் ஊரில் 1822 ஏப்ரல் 14-ல் பிறந்தவர். 12 பிள்ளைகள் கொண்ட பெரிய குடும்பம். பதின்ம வயதிலேயே கிழக்கிந்திய கம்பெனியின் சென்னை ராணுவத்தில் சேர்ந்து இந்தியா வந்தார். 1850-களின் தொடக்கத்தில் நீண்ட விடுப்பில் ஊருக்குப் போனபோதுதான் கேமரா பழக்கம் ஒட்டிக்கொண்டது. அப்போது ஒளிப்படக்கலைக்கே வயது பத்துப் பதினைந்துதான்.

1854-ல் பெங்களூருக்குத் திரும்பியவர், அந்த ஆண்டின் இறுதியில் விடுப்பு கிடைத்ததும் ஹளேபீடு, பேலூர் என்று கிளம்பிவிட்டார். இது உத்தியோகம் இல்லை, சொந்த ஆர்வம். அந்தப் படங்களில் 68-ஐ 1855 சென்னைக் கண்காட்சியில் வைத்தார். முதல் வகுப்புப் பதக்கம் கிடைத்தது. பொழுதுபோக்காகத் தொடங்கியது அங்கிருந்துதான் பாதை மாறியது.

பர்மா வரை போன கேமரா

1855-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி, பர்மிய மன்னர் மிண்டோனிடம் ஆர்தர் பெயர் தலைமையில் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். அதன் அதிகாரபூர்வ ஒளிப்படக்காரர் ட்ரைப். மழை, ஈரம், உடல்நலக் குறைவு எல்லாம் சேர்ந்து, வேலை செய்யக் கிடைத்த நாட்கள் கொஞ்சம்தான். ஆனாலும் 200-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களோடு திரும்பினார். அதிலிருந்து தேர்ந்தெடுத்த 120 படங்கள் தொகுப்பாக வந்தன. தலைநகர் அமரபுராவின் மடாலயங்களையும் மரவேலைப்பாடுகளையும் வெளியுலகம் ஒளிப்படமாகப் பார்த்தது இவர் மூலம்தான்.

அடுத்து சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரர் பதவி வந்தது. கோயில், கோட்டை, அரண்மனை எல்லாம் அழிந்து மறைவதற்குள் படமாக்கி வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய திட்டம்.

தமிழ்நாட்டுப் பயணத்தில் என்ன நடந்தது?

1857 டிசம்பர் நடுவில் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி இன்னும் அடங்காத நேரம் அது. ராயக்கோட்டை, சேலம் வட்டாரம், ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று சுற்றிவிட்டு, 1858 ஏப்ரல் வாக்கில் சென்னை சேர்ந்தார். நாலரை மாதத்துக்குள் 250-க்கும் மேற்பட்ட பெரிய நெகட்டிவ்கள். ஸ்டீரியோ எனப்படும் இரட்டைப் படங்கள் தனிக்கணக்கு.

கோயில்களோடு அவர் நிற்கவில்லை. ராயக்கோட்டை மலைக்காட்சி, திருச்சி மலைக்கோட்டை, மதுரை யானைமலை என நிலக்காட்சிகளும் அவருக்குப் பிடித்தவை. யானைமலையைத் தள்ளி நின்று, அதன் முனைப் பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் பாறைதான் கதாநாயகன்.

புதுக்கோட்டை அப்போது கம்பெனியின் நேரடி ஆட்சியில் இல்லை. ராமச்சந்திர தொண்டைமான் ஆண்ட சமஸ்தானம். அந்தத் தொகுப்பில் திருமயமும் இடம்பெற்றது. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரை 'டிரிமியம்' என்று எழுதியிருந்ததால், பழைய பட்டியல்களில் தேடுகிறவர்கள் கொஞ்சம் கவனமாகத் தேட வேண்டும்.

ஒரு படம் எடுக்க என்னென்ன பாடு?

இன்று விரல் பட்டால் படம். அன்று அப்படி இல்லை. ட்ரைப் பெரும்பாலும் கண்ணாடித் தகட்டுக்குப் பதில் மெழுகு பூசிய காகிதத்தையே நெகட்டிவாகப் பயன்படுத்தினார். காரணம் நம்ம ஊர் வெயில். ஈரக் கண்ணாடித் தகட்டைக் காய்வதற்குள் அங்கேயே கழுவி முடிக்க வேண்டும். காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளலாம், உடைகிற பயமும் இல்லை.

வெள்ளி உப்பு ஏற்றிய அந்தக் காகிதம் சுமார் 12-க்கு 15 அங்குலம். கேமராவும் அதற்கேற்ற பெரிய பெட்டி. ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் ஒளி பட வேண்டும். தெருவில் நடந்துபோனவர்கள் படத்தில் பதியவே மாட்டார்கள். அவருடைய ஊர்கள் ஆளரவமற்றுத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஊர் காலியாக இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னொரு சிக்கல் வானம். நீல ஒளி அதிகம் பதிந்ததால் வானம் வெறுமையாக வந்தது. ட்ரைப் நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகம் தீட்டினார். மரத்தின் இலைகளையும் திருத்தினார். 'எடிட்டிங்' இன்றைக்கு வந்த சங்கதி இல்லை!

தஞ்சைப் பெரிய கோயில் படம் ஏன் முக்கியம்?

ராஜராஜ சோழன் 1010-ல் முடித்த கோயிலின் அடித்தளம் முழுக்கக் கல்வெட்டுகள். ஒரே படத்தில் அடங்காது. ட்ரைப் கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்தில் ஒரே சுருளாக்கினார். தஞ்சைக் கல்வெட்டுகள் ஹுல்ட்ஷ் பதிப்பாக அச்சேறத் தொடங்கியது 1891-ல். அதற்கு 30 ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக ஒருவர் கேமராவால் அவற்றைப் பிரதி எடுத்திருக்கிறார்.

மதுரை திருமலை நாயக்கர் மகால் கதையும் இதேதான். 1866-க்குப் பின் கவர்னர் நேப்பியர் காலத்தில் அது செப்பனிடப்பட்டது. அதற்கு முன்பு எவ்வளவு சிதைந்திருந்தது என்பதற்கு ட்ரைப் படங்கள் சாட்சி.

ஏன் நின்றுபோனது?

1859-ல் சார்லஸ் ட்ரெவெல்யன் சென்னை கவர்னராக வந்தார். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு கஜானா காலி. ஒளிப்படம் அரசுக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று முடிவு செய்து, திட்டத்தை நிறுத்தச் சொன்னார். 1860-ல் எல்லாம் ஓய்ந்தது. வரி விவகாரத்தில் மேலிடத்தோடு மோதிய ட்ரெவெல்யனும் அதே ஆண்டு திரும்ப அழைக்கப்பட்டார் என்பது தனிக்கதை. ஆனால் நின்ற வேலை நின்றதுதான்.

அப்போது ட்ரைப்புக்கு வயது 40-கூட ஆகவில்லை. ராணுவ வேலைக்கே திரும்பியவர், அதன்பின் கேமராவைத் தொட்டது மிக அரிது. 1870-களில் ஓய்வுபெற்று ஊர் திரும்பி, 1902 மார்ச் 2-ல் இறந்தார். அவருடைய பெயர் பல பத்தாண்டுகள் நிபுணர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. 2014-15-ல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் நடந்த கண்காட்சி அவரை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

நமக்கு இதில் என்ன?

இந்தப் படங்களை அவர் நமக்காக எடுக்கவில்லை. ஆளும் அரசின் ஆவணமாகத்தான் எடுத்தார். அசல் பிரதிகள் பலவும் லண்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களில்தான் இருக்கின்றன. ஆனால் அவர் போகாத ஊர்கள் பலவற்றுக்கு அந்தக் காலத்துப் படமே இல்லை என்பதையும் யோசிக்க வேண்டும். சமஸ்தானத்துக் குளங்கள், அய்யனார் கோயில்கள், சந்தைகள் எத்தனையோ அப்படிப் பதிவில்லாமலே மாறிப்போயின.

கறம்பக்குடிப் பக்கம் கையில் கேமராவோடு திரிகிற இளைஞர்களுக்கு இது ஒரு குறிப்பு. ஊர்க் கண்மாயையும் பழைய மண்டபத்தையும் எடுக்கும்போது தேதியும் இடத்தின் பெயரும் சேர்த்து எழுதி வையுங்கள். ட்ரைப் படங்களுக்கு இன்றும் மதிப்பு இருப்பதற்கு அவர் அதைச் செய்ததும் ஒரு காரணம்.