ஓசியில் கிடைத்த பாடம்

மணவூரில் திருத்தணி லோக்கல் ஏறினால், அரக்கோணம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மலை தெரியும். முருகன் கோயில் எல்லாருக்கும் தெரியும். அந்த மலையடி ஊரில் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்த ஒருவருடைய பிறந்தநாளைத்தான் நாம ஆசிரியர் தினமா கொண்டாடுறோம். ஸ்கூல் பேச்சுப் போட்டியில் நீங்களும் அவரைப் பத்திப் பேசியிருப்பீங்க. ஆனா ஒரு கேள்வியை மட்டும் கேட்டிருக்க மாட்டீங்க. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் ஏன் தத்துவம் படித்தார்?

ஒரு வாத்தியார் எடுத்த பாடத்தை வைத்தே அவர் எப்படிப்பட்ட ஆள்னு சொல்லிடலாம்னு நாம நினைக்கிறோம். மேத்ஸ் சார்னா கறார், தமிழ் ஐயான்னா கலகலப்பு, ஃபிலாசஃபின்னா எப்பவும் ஏதோ யோசனையிலேயே இருப்பார். அப்படிப் பார்த்தால் இவர் சின்ன வயசிலேயே வாழ்க்கையின் பொருளைத் தேடித் தத்துவத்துக்குப் போயிருக்கணும் இல்லையா?

நடந்தது வேற. அப்பா வீராசாமி ஜமீன் வருவாய்த் துறையில் ஒரு சின்ன வேலையில் இருந்தவர். வசதி இல்லாத தெலுங்குக் குடும்பம். திருத்தணி, திருப்பதி, வேலூர் என்று மாறி மாறிப் படித்துவிட்டு, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்தார். (அப்போ அந்தக் கல்லூரி தாம்பரத்தில் இல்லை, பாரிமுனைப் பக்கம் இருந்தது.) எந்தப் பாடம் எடுப்பது என்ற கேள்வி வந்தபோது, அதே கல்லூரியில் படித்து முடித்த உறவுக்கார அண்ணன் ஒருவர் தன் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம். பாடம் முடிவாகிவிட்டது. அவ்வளவுதான்.

கட்-ஆஃப் பார்த்து, கவுன்சிலிங்கில் என்ன சீட் மிச்சம்னு பார்த்து பிரான்ச் எடுத்த நமக்கு, இது ரொம்பத் தெரிஞ்ச கதை.

கதையில் முக்கியமான இடம் இதுக்கு அப்புறம்தான் வருது. அது மிஷனரிகள் நடத்திய கல்லூரி. இந்து மதச் சிந்தனையில் அறநெறிக்கு இடமே இல்லை, உலகம் மாயைன்னு சொல்றவன் நல்லது கெட்டதைப் பத்தி ஏன் கவலைப்படணும் என்ற விமர்சனம் அங்கே அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. வீட்டில் கும்பிட்டு வளர்ந்த ஒன்றை வகுப்பில் குறை சொன்னால் நமக்குக் கோபம் வரும், இல்லைன்னா வெட்கம் வரும். அவருக்கும் வலித்தது. ஆனால் அவர் கத்தவில்லை, ஒதுங்கவும் இல்லை. உட்கார்ந்து மூல நூல்களைப் படித்தார். வேதாந்தத்தின் அறநெறி பற்றியே எம்.ஏ. ஆய்வுரை எழுதினார். 1908-இல் அது புத்தகமாக வந்தபோது அவருக்கு வயசு 20. அதைப் பாராட்டிய ஏ.ஜி. ஹாக் என்ற பேராசிரியரும் ஒரு மிஷனரிதான்!

ஓசியில் வந்த பாடம் அந்த இடத்தில்தான் அவருடைய சொந்தப் பாடம் ஆச்சு.

1909-இல் மாநிலக் கல்லூரியில் ஆசிரியர். 1918-இல் மைசூர். 1921-இல் அங்கிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பியபோது, மாணவர்கள் பூ அலங்காரம் செய்த வண்டியில் அவரை உட்கார வைத்து, குதிரைக்குப் பதில் தாங்களே ஸ்டேஷன் வரை இழுத்துப் போனார்கள். கொஞ்சம் யோசிங்க, நம்ம காலேஜில் எந்த சாருக்கு அப்படிச் செய்வோம்? 1936-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கீழைநாட்டு மதங்கள், அறநெறிக்கான பேராசிரியர். கல்லூரியில் பதில் எழுதிய பையன், இப்போ அதே விஷயத்தை அவங்க ஊருக்கே போய் நடத்தினார்.

அவர் எழுத்தைப் பார்த்தால் ஒரு பழக்கம் தெரியும். சங்கரரையும் காண்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பேச வைப்பார். சண்டையில் ஜெயிக்கிறதை விட ரெண்டு பக்கமும் புரிஞ்சுக்கிறது அவருக்கு முக்கியம். அந்தக் குணம் வகுப்போடு நிற்கவில்லை. 1949-இல் சோவியத் நாட்டுக்குத் தூதராகப் போய், கடவுள் நம்பிக்கையே இல்லாத ஸ்டாலினோடும் உட்கார்ந்து பேசினார். 1952 முதல் பத்து வருஷம் துணைக் குடியரசுத் தலைவராக மாநிலங்களவையை நடத்தியவரும் அவர்தான்.

குறையே இல்லாத ஆள்னு சொல்ல வரலை. ஜதுநாத் சின்ஹா என்ற ஆய்வாளர், தன் ஆய்வேட்டின் பகுதிகளை இவர் தன் புத்தகத்தில் எடுத்துக்கொண்டதாக 1929-இல் வழக்குப் போட்டார். இவரும் எதிர்வழக்குப் போட்டார். 1933-இல் கோர்ட்டுக்கு வெளியே சமரசம் ஆச்சு. இன்னொரு விமர்சனமும் உண்டு: எல்லாத்தையும் இணைக்கும் ஆசையில், மதங்களுக்கு நடுவே இருக்கும் உண்மையான வேறுபாடுகளை அத்வைதத்துக்குள்ளேயே கரைத்துவிட்டார் என்று. கவனிங்க, அவருடைய பலமும் இந்தக் குறையும் ஒரே குணத்திலிருந்துதான் வருது.

1962-இல் குடியரசுத் தலைவர் ஆனார். அந்த வருஷம்தான் அவர் பிறந்தநாள் ஆசிரியர் தினமாச்சு. 1975 ஏப்ரல் 17 அன்று சென்னையில் காலமானார்.

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். பாடம் ஆசிரியரின் குணத்தைக் காட்டுமா? எந்தப் பாடம் எடுத்தார் என்பது அவங்க வீட்டு நிலைமையைத்தான் காட்டுது. அந்தப் பாடத்துக்குள்ளே எந்தக் கேள்வியைத் தன்னுடையதா எடுத்துக்கிட்டார் என்பதுதான் ஆளைக் காட்டுது. இன்னும் சில மாசத்தில் டிகிரி வாங்கப் போறீங்க. பிரான்ச் பிடிக்கலைன்னு நாலு வருஷமா சொல்லியாச்சு. அதுக்குள்ளே உங்களைச் சும்மா விடாம குடைஞ்ச ஒரே ஒரு கேள்வியாவது இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க. இருந்தா, அதை விட்டுடாதீங்க.