இறந்து 42 ஆண்டுகள் கழித்து கூடிய 97 வெற்றிகள்: யார் இந்த சாட்செல் பெய்ஜ்?

2024 மே மாத இறுதியில், அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு தன் அதிகாரபூர்வ புள்ளிவிவரங்களைத் திருத்தி வெளியிட்டது. அதுவரை சாட்செல் பெய்ஜ் என்ற பெயருக்கு எதிரே இருந்த வெற்றிகள் 28. திருத்தத்துக்குப் பிறகு 125. பெய்ஜ் இறந்தது 1982-ல். மனுஷன் பந்தைத் தொட்டே நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்த நிலையில், இந்த 97 வெற்றிகள் எங்கிருந்து வந்தன?

முதலில் ஒரு சின்ன விளக்கம். பேஸ்பாலில் பிட்சர் என்பவர் ஏறக்குறைய நம்ம கிரிக்கெட் பவுலர் மாதிரி. ஆனா கிரிக்கெட்டில் வெற்றி அணியின் கணக்கில்தான் சேரும். பேஸ்பாலிலோ ஒவ்வொரு ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் ஏதாவது ஒரு பிட்சரின் பெயரிலும் எழுதப்படும். அதோடு ஈ.ஆர்.ஏ என்று ஒரு கணக்கு உண்டு. ஃபீல்டர்களின் தவறால் போன ரன்களைக் கழித்துவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்று பார்ப்பார்கள். குறைவாக இருந்தால் கில்லாடி. ஒரு பிட்சரின் சம்பளம், புகழ், வரலாற்றில் இடம் எல்லாமே இந்த எண்களை வைத்துத்தான்.

பெய்ஜ் 1906 ஜூலை 7 அன்று அலபாமா மாநிலத்தின் மொபைல் நகரில் பிறந்தார். இயற்பெயர் லீராய். ரயில் நிலையத்தில் பயணிகளின் பைகளைத் தூக்கிக் காசு சம்பாதித்ததால் 'சாட்செல்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது என்பது அவரே சொன்ன கதை. சாட்செல் என்றால் தோளில் மாட்டும் பை. 12 வயதில் சில்லறைத் திருட்டுக்காக மவுன்ட் மெய்க்ஸ் என்ற ஊரில் கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஐந்து வருஷம். பந்து வீசுவதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

1926-ல் சாட்டனூகா அணியில் சேர்ந்து தொழில்முறை வீரரானார். அடுத்து பர்மிங்ஹாம், பிறகு பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ். இவை எல்லாமே கறுப்பின வீரர்களின் அணிகள். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் இருந்தே மேஜர் லீக்கில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. சட்டப் புத்தகத்தில் எங்கும் எழுதப்படவில்லை. அணி முதலாளிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு, அவ்வளவுதான். அதனால் 1920-ல் ரூப் ஃபாஸ்டர் முன்னின்று நீக்ரோ நேஷனல் லீக்கை ஆரம்பித்தார். அதைத் தொடர்ந்து வேறு சில லீக்குகளும் வந்தன. இன்று அந்தச் சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை என்றாலும், வரலாற்றுப் பெயராக 'நீக்ரோ லீக்' என்பதே நிலைத்துவிட்டது.

எண்கள் தொலைந்தது எப்படி?

பெரிய நாளிதழ்கள் இந்த ஆட்டங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. எழுதியவை பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பினப் பத்திரிகைகள்தான். அவை பெரும்பாலும் வார இதழ்கள். ஞாயிறு ஆட்டத்தின் ஸ்கோர் முழுதாக வரும், செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு ஒரு வரிகூட வராது. சில அணிகள் லீக் அலுவலகத்துக்கு ஸ்கோரை அனுப்பக்கூட மெனக்கெடவில்லை.

இன்னொரு சிக்கல் காசு. லீக் ஆட்டங்களில் கிடைத்த வருமானம் போதவில்லை. அதனால் அணிகள் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய் உள்ளூர் அணிகளுடன் காட்சி ஆட்டங்கள் ஆடின. பெய்ஜ் வருகிறார் என்று போஸ்டர் ஒட்டினாலே கூட்டம் குவியும். ஒரே வாரத்தில் மூன்று நான்கு ஊர்களில் இரண்டு, மூன்று இன்னிங்ஸ் வீசிவிட்டுக் கிளம்புவார். தான் சுமார் 2,500 ஆட்டங்களில் வீசி 2,000 வெற்றி பெற்றதாக அவர் சொல்லிக்கொண்டதுண்டு. அளந்து விட்டதாகவே இருக்கலாம். ஆனா பொய் என்று நிரூபிக்கவும் யாரிடமும் நோட்டுப் புத்தகம் இல்லை.

ஓர் ஒப்பந்தத்துக்குள் அடங்கி இருக்கிற ஆளும் இல்லை அவர். அதிகப் பணம் கிடைத்தால் பாதி சீசனில் கிளம்பிவிடுவார். வடக்கு டகோட்டாவின் பிஸ்மார்க் நகரில், வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து ஆடிய அணிக்காக வீசினார். அந்த அணி 1935-ல் விசிட்டாவில் நடந்த தேசியப் போட்டியில் கோப்பை வென்றது. 1937-ல் டொமினிகன் குடியரசுக்குப் போய் சர்வாதிகாரி ட்ருஹியோவின் பெயர் தாங்கிய அணியில் ஆடினார். 1938-ல் மெக்சிகோவில் தோள் செயலிழந்து, கையைத் தூக்கவே முடியாத நிலை. கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் முதலாளி வில்கின்சன் மட்டும், பெயருக்காவது கூட்டம் வரட்டும் என்று தன் இரண்டாம்தர அணியில் சேர்த்துக்கொண்டார். கை மெல்லத் திரும்பியது. 1942-ல் நீக்ரோ உலகத் தொடரை மோனார்க்ஸ் வென்றபோது முன்னால் நின்றது பெய்ஜ்தான்.

1947-ல் ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்கின் நிறத்தடையை உடைத்தார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு அவர் மோனார்க்ஸில் பெய்ஜுடன் ஆடியவர். முதல் அழைப்பு தனக்கு வரவில்லை என்பது பெய்ஜை ரொம்பவே காயப்படுத்தியது.

42 வயதில் புதுமுகம்

1948 ஜூலை 7. சரியாக 42-வது பிறந்தநாளில் கிளீவ்லேண்ட் இண்டியன்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. இந்த வயதில் பலர் பயிற்சியாளர் வேலையையே விட்டிருப்பார்கள். டிக்கெட் விற்பதற்கான விளம்பர உத்தி என்று ஒரு பிரபல விளையாட்டு இதழ் சாடியது. நடந்தது என்ன? 6 வெற்றி, 1 தோல்வி, ஈ.ஆர்.ஏ 2.48. அந்த சீசனின் முடிவில் கிளீவ்லேண்டும் பாஸ்டனும் சம நிலையில் நின்றன. ஒரே ஓர் ஆட்டம் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. பெய்ஜின் ஆறில் ஒன்று குறைந்திருந்தால் அந்த ஆட்டத்துக்கே வழியில்லை. கிளீவ்லேண்ட் அதில் ஜெயித்து, உலகத் தொடரையும் வென்றது.

பிறகு செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸில் மூன்று சீசன். பலவீனமான அந்த அணிக்காக 1952-ல், 46 வயதில், 12 ஆட்டங்களை வென்றார். கடைசியாக 1965 செப்டம்பரில் கன்சாஸ் சிட்டி அத்லெடிக்ஸ் அவரைக் களமிறக்கியது. வயது 59. மைதான ஓரத்தில் ஆடும் நாற்காலி போட்டு, பக்கத்தில் ஒரு நர்ஸையும் நிறுத்தி முதலாளி ஃபின்லி ஷோ காட்டினார். பெய்ஜ் பாஸ்டனுக்கு எதிராக மூன்று இன்னிங்ஸ் வீசினார், ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. அவரை அடிக்க முடிந்தது கார்ல் யஸ்த்ரெம்ஸ்கி ஒருவரால் மட்டும்தான், அதுவும் ஒரே தடவை.

ஆக மொத்தம் 28 வெற்றி, 31 தோல்வி, ஈ.ஆர்.ஏ 3.29. இந்த எண்களை மட்டும் பார்த்தால் சுமாரான ஒரு பிட்சர். இதற்கு அவர் கொடுத்த விலை சும்மா இல்லை. மேஜர் லீக் ஓய்வூதியத்துக்கு 158 நாள் குறைந்தது. 1968-ல் அட்லாண்டா பிரேவ்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்ட பிறகே அது சரியானது. ஹால் ஆஃப் ஃபேம் கௌரவத்துக்குப் பத்து சீசன் ஆடியிருக்க வேண்டும் என்பது விதி. அவர் ஆடியது ஆறு. 1971-ல் நீக்ரோ லீக் வீரர்களுக்கென தனிக் குழு அமைத்து அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கேயும் முதலில் தனிப் பிரிவில்தான் வைப்போம் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கி, மற்றவர்களுக்குச் சமமான இடம் தந்தார்கள்.

2020 டிசம்பரில்தான், 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு நீக்ரோ லீக்குகளை மேஜர் லீக் தரமாக அங்கீகரித்தார்கள். பழைய பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி ஆய்வாளர்கள் சேர்த்து வைத்திருந்த ஸ்கோர்கள் சரிபார்க்கப்பட்டு, 2024-ல் பட்டியலில் ஏறின. 2,300-க்கும் மேற்பட்ட வீரர்களின் கணக்கு இப்படி உள்ளே வந்தது. பேட்டிங் சராசரியில் டை காப் பல காலம் வைத்திருந்த முதலிடம் ஜாஷ் கிப்சனுக்குப் போனது. ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு இறந்துபோனவர் கிப்சன்.

பெய்ஜின் 125-லும் லீக் ஆட்டங்கள் மட்டுமே உண்டு. பிஸ்மார்க், டொமினிகன், மெக்சிகோ, 1946-ல் பாப் ஃபெல்லர் திரட்டி வந்த வெள்ளை நட்சத்திரங்களுடன் மோதியவை எதுவும் இதில் சேராது. லீக் ஆட்டங்களிலும் இதுவரை கிடைத்திருப்பது ஏறக்குறைய முக்கால்வாசிதான். மீதி ஸ்கோர்களுக்கான தேடல் இன்னும் நடக்கிறது. கிடைக்கக் கிடைக்க இந்த 125-ம் மாறலாம்.