டீன் ஸ்விப்ட்

பரிகாசம் வேலையற்றோரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் ஜோனதன் ஸ்விப்ட்டின் சரித்திரத்தை ஒருமுறை நோக்குவாராக. 1667-ஆம் ஆண்டில் டப்ளின் நகரில், தந்தை மறைந்த பின்னர் பிறந்தவர் அவர். லண்டனில் மந்திரிமாருக்காகப் பேனா பிடித்தார். அங்கே உயர்பதவியை நாடினார். கிடைத்ததோ 1713-இல் டப்ளின் ஸெயின்ட் பாட்ரிக் தேவாலயத்தின் டீன் பதவி. அந்த ஏமாற்றமே ஐர்லாந்துக்கு நன்மையாய் முடிந்தது.

ஐரிஷ் மக்கள் தம் நாட்டுத் துணியையே உடுத்தவேண்டுமென்று 1720-இல் பெயரிடாமல் ஒரு பிரசுரம் வெளியிட்டார். அச்சிட்டவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. ஜூரிகள் குற்றவாளியல்லவென்று தீர்ப்புக் கூற, பிரதம நீதிபதி ஒன்பது முறை அவர்களைத் திருப்பியனுப்பினார். நீதிமன்றத்தின் மானத்தைக் காத்தவர் யாரென்று நாம் சொல்லவேண்டுவதில்லை.

1722-இல் உட் என்ற இரும்பு வியாபாரி, லட்சம் பவுனுக்கு மேற்பட்ட செப்புக்காசுகளை ஐர்லாந்துக்கென அடிக்க உரிமை பெற்றான். ஐரிஷ் பார்லிமெண்டைக் கலந்துகொள்ளாமலே வழங்கப்பட்ட உரிமை அது. 1724-இல் டீன், ஒரு ஜவுளிக்கடைக்காரரின் வேஷம் பூண்டு, கடைக்காரரும் குடியானவரும் அறியும் எளிய நடையில் கடிதங்கள் எழுதினார். ஆசிரியரைக் காட்டிக்கொடுப்போருக்கு 300 பவுன் சன்மானமென்று சர்க்கார் பறைசாற்றியது. எழுதியவர் யாரென்பது ஊரறிந்த ரகசியம். காட்டிக்கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. 1725-இல் உரிமை ரத்தாயிற்று.

1729-இல் வந்தது அவருடைய மிகக் கொடிய பரிகாசம். இம்முறை பூண்டது பரோபகாரியான பொருளாதார நிபுணரின் வேஷம். ஆண்டுதோறும் ஏழைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் 1,20,000. அவற்றில் 20,000-ஐ விட்டுவைத்து, எஞ்சிய லட்சத்தைச் செல்வர் உணவுக்கு விற்கலாமென்று நிதானமாகக் கணக்கிட்டார். குரலில் கோபமில்லை, கணக்கில் பிழையில்லை. வாசகர் நெஞ்சு பதறுகிறது. பதறிய நெஞ்சு, அக்குழந்தைகளைப் பட்டினியால் மாளவிட்டிருக்கும் தன்னையே உடனே கேள்வி கேட்கிறது. வஞ்சப்புகழ்ச்சியின் வலிமை இதுவே: குற்றஞ்சாட்டுவோர் வாய் திறவாதிருக்க, குற்றவாளியின் மனமே சாட்சி கூறுகிறது.

குறையும் கூறுவோம். உரிமையிழந்திருந்த கத்தோலிக்கருக்குச் சம உரிமை வேண்டுமென அவர் போராடவில்லை. தம் திருச்சபையின் தனிச்சலுகையை விடவுமில்லை. ஆயினும் 1745-இல் இறந்தபோது தம் செல்வத்தின் பெரும்பகுதியைச் சித்தப்பிரமை கொண்டோருக்கு ஓர் ஆஸ்பத்திரி அமைக்க வைத்துச் சென்றார். 1757-இல் திறக்கப்பட்ட அது இன்றும் நடைபெறுகிறது.

வசை எளிது, அது வைபவனின் கோபத்தோடு தணிந்துவிடும். ஸ்விப்ட்டின் நகைப்போ, நகைத்தவர் மறைந்த பின்னரும் சுடுகிறது. பேனா பிடிப்போர் இவ்வேற்றுமையை உணர்வாராக.