மருந்து எட்டாத நோய்

ஹிஜ்ரி 488 (கி.பி. 1095) ரஜப் மாதம். பக்தாது நிஜாமிய்யா மத்ரஸாவில் 300 மாணவர்களுக்குப் பாடம் நடத்திய இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்குத் திடீரெனப் பேச்சு எழவில்லை. உணவும் இறங்கவில்லை. ஹகீம்கள் கைவிட்டார்கள், நோய் கல்பில் தோன்றி உடலுக்கு இறங்கியது என்பது அவர்கள் முடிவு. மனநோய் என்றாலே முகம் சுளிக்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தத்துவங்களைத் துருவிக் கற்றவர்களே இமாமவர்கள். ஆயினும் புகழ் ஒருபுறமும் மறுமையின் அச்சம் மறுபுறமும் இழுத்த இழுப்பை அந்த அறிவு தீர்க்கவில்லை. மாதக்கணக்கில் தவித்து, வேறு வழியின்றி அல்லாஹ்விடம் கையேந்தினார்கள். அதன்பின் பதவியைத் துறப்பது எளிதாயிற்று. பிள்ளைகளுக்கு வேண்டியதை மட்டும் ஒதுக்கிவிட்டு டமாஸ்கஸ் போய், பள்ளிவாசல் மினாராவில் கதவடைத்துப் பகலெல்லாம் தனித்திருந்தார்கள். மீண்டும் பாடம் சொல்ல நிஷாபூரில் அமர்ந்தது ஹிஜ்ரி 499இல்தான்.